48 பனை, 16 தென்னை, ஒரு மா

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை. அங்கே ஒரு வீட்டின் பின்னறையில் 12 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட, மாதிரி ரயில் ஓடுகிற பலகைத் தளம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பளைக்கும் கொடிகாமத்துக்கும் இடைப்பட்ட நிலம் அதில் 76இல் ஒரு பங்கு அளவில் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கரையோரப் பாதையில் போகிற நிஜ ரயிலின் சத்தம் கேட்கும். உள்ளே ஓடுவதோ வடக்குப் பாதை. அந்தப் பாதைக்கான மரங்களைச் செய்து கொடுத்தது நான். 14 மாதம் எடுத்தது. முதலில் செய்த 14 பனைகளில் ஒன்றுகூட இப்போது தளத்தில் இல்லை. அவை ஏன் போயின, பிறகு வந்தவை எப்படி நின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொழும்பில், அதுவும் கடற்காற்று படுகிற வீட்டில் இந்த வேலையைத் தொடங்குகிற யாருக்காவது இது உதவும்.

தளத்தின் சொந்தக்காரர் எண்பதை நெருங்குகிறார். ரயிலில் கார்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உறவில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைப் பிள்ளை என்பார். தண்டவாளமும் சிக்னலும் நிலையக் கட்டடமும் அவர் கைவேலை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த, கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய எம்2 இஞ்சின் ஒன்றுக்கும் தகட்டில் உடல் செய்து வைத்திருக்கிறார். நம் நாட்டு அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 76இல் ஒரு பங்கு என்றால் 22 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். அது அவருக்கு இன்னும் மனக்குறை. மரத்திலாவது குறை வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

தளம் காட்டுகிற காலம் 1974. அதையும் முதல் நாளே சொன்னார். அந்த வருடத்தின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை.

முதல் 14 பனைகள்

அதற்கு முன்பு நான் செய்தவை எல்லாம் பொது மரங்கள். கம்பியை முறுக்கி, கிளை விரித்து, ஸ்பொன்ஞ்சைத் துருவிப் பச்சை ஏற்றித் தூவினால் ஒரு மரம் வரும். அது என்ன மரம் என்று யாரும் கேட்டதில்லை. பனைக்கும் அதே வழியில்தான் போனேன். கட்டடக்காரர்கள் கம்பி கட்டப் பாவிக்கிற கட்டுக்கம்பியில் தண்டு. மேலே வெள்ளைப் பசையும் சுவருக்குப் பூசும் பில்லரும் குழைத்த பூச்சு. தலையில் விசிறி வடிவத்தில் வெட்டிய தாள் ஓலை, மரத்துக்கு 20. எல்லா மரமும் 24 சென்டிமீட்டர். 18 மீட்டர் பனையை 76ஆல் வகுத்தால் அவ்வளவுதான் வரும். கணக்கு சரி.

ஓகஸ்டில் கொண்டுபோய் வைத்தேன். மாமா கதிரையை இழுத்துப் போட்டு, ரயில் ஜன்னலில் இருந்து பார்க்கிற உயரத்துக்குக் குனிந்து, தளத்தின் ஒரு நுனியில் இருந்து மறுநுனி வரை பார்த்தார். பிறகு சொன்னார்:

“பிள்ளை, வடிவாய் இருக்கு. ஆனா பனை இல்லை. 14 விளக்குமாறு நட்ட மாதிரி இருக்கு.”

நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் ஒரு மரத்தின் தலையை விரலால் தொட்டுக் கேட்டார்: “இந்த ஓலையை ஆர் வெட்டினது?”

நான்தான் வெட்டினேன், கத்தரிக்கோலால், என்றேன். அவர் கேட்டது அதை இல்லை. அந்த ஊரில் அந்தப் பனையில் ஓலை வெட்டியது யார், யாருடைய வளவு அது, வேலி அடைக்க வெட்டினார்களா, மாட்டுக்கு வெட்டினார்களா, யாரும் வெட்டாமல் விட்ட மரமா என்றுதான் கேட்டிருக்கிறார். என் 14 மரங்களிலும் அதற்குப் பதில் இல்லை. அத்தனையும் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே தலை.

இந்த வேலை முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் திரும்பியது.

யாழ்தேவி ஜன்னல்

அடுத்து வந்த நீண்ட விடுமுறையில் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினேன். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. பாதையைத் திரும்பப் போட்டு 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மறுபடி ஓடவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது இந்தப் புதிய பாதை மட்டும். பளை வரும் வரை கொப்பியைத் திறக்கவில்லை. அதன் பிறகு மூடவில்லை.

பளையில் முதலில் கண்ணில் படுவது பனை இல்லை, தென்னை. தோட்டம் தோட்டமாக நிற்கிறது. தென்னை நெளியும், சாயும், வெளிச்சம் இருக்கிற பக்கம் தலையை நீட்டும். பனை அப்படிச் செய்யாது, நேரே போகும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன்தான். ஓடுகிற ரயிலில் இருந்து பார்க்கும்போதுதான் இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலை என்று பட்டது. இரண்டும் பக்கத்தில் நின்றால் ஓலையைப் பார்க்கவே தேவையில்லை, தண்டின் கோடே சொல்லிவிடும்.

பிறகு பனைகள். வீட்டு வேலியோரம் நிற்கும் பனையின் தலை இறுக்கமானது. கீழ் ஓலைகளை வெட்டி எடுத்துவிடுவதால் மேலே நிமிர்ந்த ஓலைகள்தான் மிச்சம், பொத்திய கை மாதிரி. வயல் விளிம்பில் கேட்பாரற்று நிற்கும் பனைக்குத் தலை முழு உருண்டை. அதன் கீழே காய்ந்த காவோலைகள் பாவாடை மாதிரித் தொங்கும். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் காவோலை எந்த நிறம், எந்தக் கோணத்தில் தொங்கும், எத்தனை இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சாம்பல் கலந்த மண்ணிறம். தண்டோடு ஒட்டி நேர்கீழே தொங்கும். சில மரத்தில் நாலைந்து, சில மரத்தில் பதினைந்துக்கு மேல்.

தாய்மரங்களின் காலடியில் வடலிகள். விழுந்த பழம் முளைத்த இடத்திலேயே கூட்டமாக நிற்கும். தண்டே இல்லை, நிலத்தில் இருந்து நேரே விசிறிகள். கொஞ்சம் வளர்ந்தவற்றின் தண்டில் பழைய மட்டைகளின் அடி, அதாவது கங்கு, விழாமல் குறுக்கும் மறுக்குமாக ஒட்டியிருக்கும். வயது போன மரத்தில்தான் தண்டு துப்புரவாக இருக்கும்.

அந்தப் பயணத்தில் எழுதியது 9 பக்கம். படம் எடுத்ததைவிட எழுதியதுதான் உதவியது. படத்தில் 40 மரம் ஒன்றாக விழும். எழுதும்போது ஒவ்வொரு மரமாகத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்து ஒரு மரத்தையும் தொடவில்லை. மாமாவோடு இருந்து ஒரு நடுகை வரைபடம் போட்டோம். ஒவ்வொரு பனைக்கும் ஓர் இடம், ஒரு சொந்தக்காரர். நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற வளவின் வேலியில் 11, எல்லாம் ஓலை வெட்டியவை. கடவைக்கு அந்தப் பக்கம் கள்ளுச் சீவுகிற 4, பாளையில் முட்டியோடு. வயல் விளிம்பில் யாரும் தொடாத 16. அரைவளர்த்தி 8. வடலி 9. மொத்தம் 48. இதோடு 16 தென்னை. நிலைய முற்றத்தில் ஒரு மா. மாமாவின் ஞாபகத்தில் அந்த மரத்துக்குக் கீழேதான் தபால் மூட்டைகள் இருக்குமாம்.

ஒரு பனை, கிட்டே இருந்து

வயல் விளிம்பில் நிற்கும் ஒரு மரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

தண்டுக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சுகிற செப்பு வயர். 7/0.67 என்று கேட்டால் ஹாட்வெயார் கடையில் புரியும், உள்ளே 7 இழை. இரண்டு துண்டின் தோலை உரித்து, 14 இழையையும் சேர்த்து முறுக்கினால் 3 மில்லிமீட்டர் தடிப்பு வரும். கீழே 3 சென்டிமீட்டரை விட்டுவிட வேண்டும், அது பலகைத் துளைக்குள் போக. அதற்கு மேல் மாஸ்கிங் டேப்பை ஒடுக்கமான கீற்றுகளாகக் கிழித்துச் சுற்ற வேண்டும். அடியில் 8 மில்லிமீட்டர், நடுவில் 6, கழுத்தில் 5. அடிப்பருமனை விட்டுவிட்டால் மரம் நிலத்தில் குத்தின ஈட்டி மாதிரித் தெரியும். வேர்கள் கூட்டமாகப் பிதுங்கி மண்ணைத் தள்ளுகிற அந்த வீக்கம் பனைக்கு முக்கியம்.

ஓலைக்கு எத்தனையோ தாள் பார்த்தேன். கொப்பித் தாள் பசை பட்டதும் தொய்ந்தது. மட்டை மடிப்பில் வெடித்தது. கடைசியில் சரிவந்தது சீமெந்துப் பையின் உள்ளடுக்குத் தாள். தூசியைத் துடைத்து, வெட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் நிறம் பூசிக் காயவைக்க வேண்டும். மேல்பக்கம் சாம்பல் கலந்த பச்சை, கீழ்ப்பக்கம் அதைவிட ஒரு படி வெளிறல். பிறகு 18 மில்லிமீட்டர் வட்டங்களாகப் பஞ்ச் பண்ண வேண்டும். அந்தப் பஞ்ச் புறக்கோட்டையில் கைவினைச் சாமான் விற்கிற கடையில் எடுத்தது. வட்டத்தை நடுவால் நாலு தரம் மடித்து விரித்தால் 16 பிரிவு கிடைக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் விளிம்பில் இருந்து பாதித்தூரம் வெட்டி, நுனிகளைக் கூராக்கி, காம்பு வருகிற இடத்தில் இரண்டு பிரிவை எடுத்துவிட்டால் அது பனையோலை. மடிப்பு விரிந்துவிடாமல் விரலால் ஒரு தரம் அழுத்த வேண்டும். தட்டையாகக் கிடக்கும் ஓலை எவ்வளவு நல்ல பச்சையானாலும் தாளாகத்தான் தெரியும். மடிப்பின் மேட்டிலும் பள்ளத்திலும் வெளிச்சம் வேறுவேறாக விழும்போதுதான் ஓலையாகிறது.

காம்புக்கு 0.4 மில்லிமீட்டர் செப்புக் கம்பி, ஒரு சொட்டு சுப்பர் குளூ. கருக்குமட்டையின் பல்லை இந்த அளவில் காட்ட முடியாது. காட்ட முயன்று ஒரு பின்னேரம் முழுவதும் போனது. அதைச் செய்யவேண்டாம் என்பது என் தீர்க்கமான கருத்து.

தலையைக் கட்டுவது பூக் கட்டுகிற வேலை. கழுத்தில் நூலைக் கட்டி, முதலில் விரியாத குருத்து இரண்டை நேரே நிமிர்த்திக் கட்ட வேண்டும். பிறகு ஒவ்வோர் ஓலையாக, முந்தியதைவிட ஒரு நூலளவு கீழே, மரத்தை மூன்றில் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடத் திருப்பி அடுத்த முடிச்சு. ஓலைக்கு நேர்கீழே ஓலை வராமல் இருக்க அந்தக் கொஞ்சம் கூடத் திருப்புவதுதான் வழி. மேல் ஓலைகள் நிமிர்ந்து, நடுவில் படுக்கையாக, கீழே வளைந்து இறங்கும். 26 ஓலை ஆனதும் காவோலை. அதற்குப் பச்சை பூசாத, தேயிலைச் சாயத்தில் நனைத்த தாள். கசக்கி, கம்பியை நேர்கீழே மடித்துக் கட்டினேன். அம்மாவோடு இருந்து மல்லிகைச் சரம் கட்டிப் பழகிய கை என்பதால் முடிச்சு எனக்கு விரைவாக வந்தது. முதல் தலைக்கு 5 மணித்தியாலம் எடுத்தது. இருபதாவது தலைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட.

பூச்சு கடைசியில். பசையும் பில்லரும் குழைத்ததை மெல்லிதாகப் பூசி, பாதி காய்ந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஒரு பக்கம் வைத்து மரத்தைச் சுற்ற வேண்டும். வளையக் கோடுகள் தானாக விழும். நிறத்தில் நான் விட்ட பிழை, கறுப்பு. பனை கறுப்பு என்று மனதில் பதிந்திருக்கிறது. மாமா பார்த்துவிட்டு, “மழையிலதான் கறுப்பு பிள்ளை. வெயிலில சாம்பல்” என்றார். என் கொப்பியிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். எழுதியதைப் படிக்காமல் நினைப்பை நம்பிப் பூசியிருக்கிறேன். சாம்பலாக்கி, கங்கு விழுந்த பள்ளங்களில் மட்டும் மெல்லிய கறுப்பு நீரை ஓடவிட்டேன்.

பெண் பனைகளில் நுங்குக் குலைக்குக் கடுகு. நிஜ நுங்குக் காயை 76ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டரைச் சுற்றி வரும், கடுகு அதற்குக் கிட்டத்தட்டச் சரி, நிறமும் தானாக அமைந்தது. தேங்காய்க்குக் கொத்தமல்லி. இரண்டையும் சட்டியில் வறுத்து, வார்னிஷில் தோய்த்துத்தான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டு வரும்.

தென்னைக்கு அதிகம் எழுதவேண்டியதில்லை. ஓலை 65 மில்லிமீட்டர் நீளம், நடுவில் கம்பி, அதன்மேல் தாளை மடித்து ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு, சாய்வாக. கோழியிறகில் ஓலை செய்யும் வழியும் இருக்கிறது. இரண்டு மரம் செய்து பார்த்தேன், இறகின் பளபளப்பை எந்தப் பூச்சாலும் முழுவதும் அடக்க முடியவில்லை.

துரு

முதல் 14 பனைகளை மாமா தள்ளிய பிறகு அவற்றை அறையின் மூலையில் ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். தண்டுகள் நல்லாகத்தானே இருக்கின்றன, தலையை மட்டும் மாற்றலாம் என்பது நினைப்பு. ஒக்டோபரில் மழை பிடித்தது. இடையில் ஒருநாள் பெட்டியைத் திறந்தபோது தண்டுகளில் மண்ணிறப் புள்ளிகள். ஒரு வாரத்தில் புள்ளிகள் கோடாகின. சில தண்டுகளில் பூச்சு நீளவாக்கில் வெடித்திருந்தது.

ஒன்றை நடுவால் பிளந்து பார்த்தேன். கம்பி முழுவதும் துருவேறி வீங்கி, அந்த வீக்கம்தான் பூச்சை உள்ளிருந்து பிளந்திருக்கிறது. காரணம் தேட வெகுதூரம் போகத் தேவையில்லை. கட்டுக்கம்பி வெறும் இரும்பு, மேலே துத்தநாகப் பூச்சு இல்லை. வெள்ளைப் பசையும் பில்லரும் நீரில் கரைந்தவை, பசையில் லேசான அமிலத்தன்மையும் உண்டு. ஈரத்தை நானே கம்பியில் பூசி, மேலே மூடியும் விட்டிருக்கிறேன். மிச்சத்தைக் கடற்காற்று பார்த்துக்கொண்டது. உப்புப் படிந்த எதுவும் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஊகத்தோடு விடாமல் சோதித்தேன். 5 துண்டுக் கம்பி, எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு, கடல் பக்க ஜன்னலில் 6 கிழமை. வெறும் கட்டுக்கம்பியில் 4 நாளிலேயே கறை. வார்னிஷ் பூசிய கட்டுக்கம்பி மூன்று கிழமை தாங்கியது, பிறகு வளைத்த இடங்களில் துரு. ரெட் ஒக்ஸைட் பிரைமர் பூசியது நல்லாக இருந்தது, வெட்டிய நுனியில் மட்டும் கறை. துத்தநாகம் பூசிய கம்பியில் துரு இல்லை, வெள்ளைப் பொருக்கு கொஞ்சம். செம்பில், பூச்சுப் படாத நுனியில் லேசான பச்சை. மரத்தில் பச்சை தெரிந்தால் என்ன, பாசி என்று நினைப்பார்கள்.

அதில் இருந்து செம்பு மட்டும்தான். விலை கூட என்பது உண்மை. ஆனால் வீடு கட்டுகிற இடங்களில் வெட்டி எறியும் துண்டுகளே ஒரு பனைக்குத் தாராளம். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் சொல்லி வைத்தேன், பை நிறையக் கொண்டுவந்து தந்தார். இரும்புதான் கிடைக்கிறது என்றால், கம்பியை முறுக்கி வளைத்து வெட்டி எல்லாம் முடித்த பிறகு பிரைமர் பூச வேண்டும். முதலில் பூசிவிட்டு வளைத்தால் வளைந்த இடத்தில் பூச்சு உடைந்து அங்கிருந்தே துரு தொடங்கும்.

அந்த 14 தண்டுகளையும் எறிந்தேன். மனம் வரவில்லை, ஆனாலும் எறிந்தேன்.

மாமரமும் பூஞ்சணமும்

மாவுக்கு 32 இழை. அடியில் எல்லாம் ஒன்றாக, மேலே போகப் போக எட்டெட்டாக, நாலு நாலாக, இரண்டிரண்டாகப் பிரித்து முறுக்கினால் கிளை. சின்னக் கிளைகளுக்குத் தும்பு. தேங்காய்த் தும்பை விரித்து, பிய்த்து, மெல்லிய வலையாக்கிக் கிளைகளில் ஒட்டினேன். இலைக்கு நிறம் பூசிய டிஷ்யூத் தாளைக் கிரைண்டரில் அடித்து, தேநீர் வடியில் சலித்து எடுத்தது. மா இலை 20 சென்டிமீட்டர் என்றால் இந்த அளவில் இரண்டரை மில்லிமீட்டர். ஸ்பொன்ஞ் தூளைவிடத் தாள் பொருந்துவதற்கு அதுதான் காரணம், ஸ்பொன்ஞ் மணியாக விழும், தாள் இலையாக விழும். அதோடு இந்த ஈரத்தில் மலிவு ஸ்பொன்ஞ் சில வருடத்தில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும்.

மா கரும்பச்சைக் குடை. ஆனால் ஏதாவதொரு பக்கம் மட்டும் செம்பு நிறத்தில் புதுத் தளிர் தொங்கும். அதை ஒரு கிளையில் மட்டும் வைத்தேன். மாமா அந்தக் கிளையைத்தான் முதலில் பார்த்தார்.

நவம்பரில் மரத்துக்குக் கீழே சாம்பல் நிறப் பஞ்சு. உதிர்ந்த சருகுக்காக நான் தூவியிருந்தது தேநீர் போட்டு மிஞ்சிய தேயிலைச் சக்கை. நல்ல நிறம், நல்ல அளவு, ஆனால் வெயிலில் ஒருநாள் மட்டும்தான் காயவைத்திருந்தேன். பூஞ்சணம் அதில் பிடித்து, பசை வழியே தும்புக்கும் ஏறியிருந்தது. கீழ்க்கிளைகள் மூன்றைக் கழற்றி எறியவேண்டி வந்தது.

மருந்து வீட்டிலேயே இருந்தது. கரம் விளையாடும் பலகையில் தூவுகிற போரிக் பவுடர். 100 மில்லிலீட்டர் வெந்நீரில் 3 கிராம் கரைத்து, தும்பு, சக்கை, தாள் எல்லாவற்றையும் அதில் நனைத்து, முழுவதும் காயவைத்த பிறகுதான் இப்போது பாவிக்கிறேன். சக்கையை முதலில் ஓவனில் வறட்டிவிடுவேன். போரிக்கைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும், சமையல் பாத்திரத்தில் கரைக்கவும் கூடாது. மாப்பசையைத் தளத்துக்குக் கிட்டவே கொண்டுபோகவில்லை, கரப்பான் அதற்கென்றே வரும்.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. அறையில் இருந்தது 6,500 கெல்வின் எல்ஈடி. அதன் நீல வெள்ளையில் பனை எல்லாம் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. நிறத்தில்தான் பிழை என்று நினைத்து இரண்டு தலையைத் திரும்பப் பூசினேன். 4,000 கெல்வினுக்கு மாற்றியதும் முதல் நிறமே சரியாக இருந்தது.

இரண்டு மரம்

கடைசித் தொகுதியில் வரைபடத்தில் இருந்த இரண்டு பனையை நான் வேறு விதமாகச் செய்தேன். யாரும் கேட்கவில்லை. 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திரும்பத் திறந்த பிறகு, சின்னப்பிள்ளையாக அப்பா அம்மாவோடு பஸ்ஸில் போகும்போது முகமாலைப் பக்கம் நான் முதல்முதல் பார்த்த பனைகள் தலையில்லாத பனைகள். ஷெல் பட்டு, வரிசை வரிசையாக, வெறும் தண்டு. பனை என்றதும் எனக்குள் முதலில் எழும்புவது அதுதான். அதனால் இரண்டு தண்டின் நுனியில் செப்பிழைகளைப் பிய்த்து விரித்து, கருக்கி, தலை இல்லாமலே கொண்டுபோய் வயல் விளிம்பில் வைத்தேன். செய்த அத்தனையிலும் மிகக் கவனமாகச் செய்தவை அவை.

மாமா வழமை போலக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் நின்றார். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

“பிள்ளை, என்ட வருஷத்தில இதுகளுக்குத் தலை இருந்தது.”

இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புதுத் தண்டு செய்திருக்கலாம், அது சுலபம். எனக்கு அந்தத் தண்டுகளிலேயே தலை வைக்க வேண்டும் போல இருந்தது. பிய்ந்த இழைகளைத் திரும்ப ஒன்றாக முறுக்கி, நூல் சுற்றி, கழுத்தைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன். குருத்து இரண்டு, பிறகு 26 ஓலை, காவோலை ஒன்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

இப்போது

வேலை முடிந்து இரண்டாவது மழைக்காலமும் கடந்துவிட்டது. போன மாதம் 65 மரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். தண்டுகளில் துரு இல்லை. நாலு தென்னையில் காய் உதிர்ந்திருக்கிறது, சுப்பர் குளூ வார்னிஷில் சரியாகப் பிடிக்கவில்லை. காய் ஒட்டுகிற இடத்தை முதலில் சுரண்டியிருக்க வேண்டும். ஜன்னல் பக்கத்து மூன்று பனையின் பச்சை வெளிறியிருந்தது, திரை போடச் சொன்னேன். மாவின் கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் மெலிவாகத்தான் தெரிகிறது, எறிந்த கிளைகளுக்கு ஈடாக வைத்தவை போதவில்லை. அதை அடுத்த மாதம் செய்ய வேண்டும்.

அந்த இரண்டு பனையும் வயல் விளிம்பில் மூன்றாவதும் நாலாவதுமாக நிற்கின்றன. மற்றவற்றைவிடக் கழுத்துக் கொஞ்சம் தடிப்பு.